முதல்ல இருந்து போடு

என் போனில் வீடியோ ஓடும் என்று நான் சொன்னபோது நோர்வூட் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பெயர்ப்பலகையில் 'கொமியூனிகேஷன்' என்று எழுதியிருக்கும் கடை அது. போட்டோகொப்பி மெஷின், வெளிநாட்டுக்குப் பேச ஒரு கண்ணாடிக் கூண்டு, போனுக்குக் காசு போடும் ரீலோட் கார்டுகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய போன்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, ரிசல்ட் வரும்வரை தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள். தோட்டத்தில் அநேகமாக எல்லா வீட்டுக்கும் ஒரு போன் வந்திருந்தது. ஆனால் அது பேசுவதற்கு. காசில்லாவிட்டால் மிஸ்ட் கோல் கொடுப்பதற்கு. இன்டர்நெட் என்பது ஹட்டன் நெட் கடையில், கணினிக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிற விஷயம்.

நான் அப்படி நினைக்கவில்லை. கண்ணாடிப் பெட்டியில் கிடந்த ஒரு போனைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி எடுத்துக்கொண்டேன். திரையில் கீறல். பெட்டரி ஆடாமலிருக்க டொபித் தாளை மடித்து உள்ளே வைத்திருந்தேன். ஆனால் அதற்குள் இன்டர்நெட் இருந்தது! கம்பனிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் 'செட்டிங்ஸ்' வரும். அதைச் சேமித்து, போனை அணைத்துப் போட்டால் போதும். கடைக்கு வருகிற பையன்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன்.

"நீ இங்க போன் விக்க வந்தியா, பாடம் நடத்த வந்தியா?" என்பார் முதலாளி.

அக்கா அப்போது வளைகுடாவில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். போய் இரண்டு வருடம் முடியும் தறுவாய். அவள் போகும்போது மகளுக்கு நடைகூட வந்திருக்கவில்லை. குழந்தையை அம்மாதான் வளர்த்தாள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் போவாள். அக்காவின் புருஷன், எனக்கு மச்சான், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் இருந்தோம். அக்கா அனுப்பிய காசில் மச்சான் பின்பக்கம் சமைக்க ஒரு குசினி கட்டிக்கொண்டிருந்தார். சுவர் எழும்பிவிட்டது, கூரைத் தகரம் வரவில்லை.

மாதத்தில் ஒருநாள் அந்த வீட்டுப் போனிலிருந்து அக்கா கோல் எடுப்பாள். "நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? பாப்பா சாப்புடுதா?" அவ்வளவுதான். என்ன கேட்டாலும், "ம், ம்" என்பாள். செலவுக்குப் பயந்து சுருக்குகிறாள் என்று நினைத்தோம்.

ஒருநாள் தெரியாத நம்பரிலிருந்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி. அக்கா இருந்த கட்டடத்திலேயே இன்னொரு வீட்டில் வேலை செய்த, பொகவந்தலாவைப் பக்கத்துப் பெண் ஒருத்தி அனுப்பியது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அக்கா பேசியதைத் தன் போனில் பிடித்திருக்கிறாளாம். தன் தம்பி வேலை செய்கிற கடையின் கணினியிலிருந்து அதை வீடியோத் தளத்தில் போட்டாயிற்றாம். வீட்டில் எல்லோரும் பாருங்கள். அடியில் நீளமான ஒரு முகவரி.

கடை வாசலுக்கு ஓடி அந்த முகவரியை அழுத்தினேன். பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெறும் பெட்டி. அதற்குள், இதை ஓட்டத் தேவையானது இந்தப் போனில் இல்லை என்று ஒரு வரி. மூடினேன். உடனே கம்பனியின் குறுஞ்செய்தி வந்தது: மிச்சக் காசு இவ்வளவு. வீடியோ ஓடவில்லை, வெறும் பெட்டியைக் காட்டியதற்கே காசு கழித்திருந்தார்கள். கிலோபைட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு கிலோபைட் எவ்வளவு பெரிது என்று வாங்குகிறவர் யாருக்கும் தெரியாது.

"சொன்னேன்ல?" என்றார் முதலாளி. "கடலப் போத்தல்ல அடைக்கப் பாக்குற."

நான் விடவில்லை. முகவரியின் முன்னால் இருந்ததை அழித்துவிட்டு ஒரே ஓர் எம் எழுத்தைப் போட்டுப் பார்த்தேன். அதே தளத்துக்குப் போன்களுக்கென்று இன்னொரு வாசல் இருந்தது. ஒல்லியான பக்கம், ஒல்லியான வீடியோ. அழுத்தினேன். திரை கறுத்தது. ஒரு வட்டம் சுற்றியது. பிறகு, தீப்பெட்டிப் படத்தின் அளவில், அக்கா.

உடனே நிறுத்திவிட்டேன். அம்மா பார்க்காமல் நான் மட்டும் பார்ப்பது முறையில்லை என்று பட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல், கோயிலுக்கு மேலே இருக்கிற தண்ணீர்த் தாங்கி மேட்டுக்குப் போனோம். லயத்தில் சிக்னல் கிடைக்காது. அம்மா, மச்சான், மச்சானின் தோளில் குழந்தை. கையில் ரீலோட் கார்டு இருந்தது. அம்மாவின் ஒரு பேர், அதாவது முழு ஒருநாள் சம்பளம், அதில் போயிருந்தது. அம்மா தலை சீவி, திருநீறு பூசி, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

"அவ நம்மளப் பாக்கமாட்டாம்மா. நாமதான் அவளப் பாப்போம்" என்றேன்.

"இருக்கட்டும்டி" என்றாள்.

போனைத் தாங்கியின் விளிம்பில் சாத்தி வைத்தேன். அக்கா ஒரு மொட்டைமாடியில் நின்றாள். பின்னால் காய்கிற துணிகள். புதுச் சட்டை, தலையில் துணி. சிரித்தாள்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? கால் வலி எப்படி இருக்கு? ஏங்க, நல்லா இருக்கீங்களா? பாப்பா... பாப்பா எங்க? அம்மா பேசுறேன்டா."

குழந்தை போனைப் பார்த்தது. பிறகு என் அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

இந்த நேரத்தில் பக்கத்துக் காம்பரா அத்தை மூச்சு வாங்க மேட்டுக்கு ஏறி வந்தாள். "அடியே, என்னைய உட்டுட்டா பாக்குறீங்க? அவளுக்குக் கல்யாணச் சோறு ஆக்கினவ நான்! முதல்ல இருந்து போடு புள்ள."

எங்கள் லயத்தில் நடுவிலிருந்து யாரும் எதையும் பார்ப்பதில்லை. வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்துவந்து படம் போட்ட காலத்திலிருந்தே அப்படித்தான். பெரியவர்கள் யாராவது தாமதமாக வந்தால் கெசட்டைச் சுற்றி முதலிலிருந்து போட வேண்டும். இல்லாவிட்டால் மரியாதை இல்லை. முதலிலிருந்து போட்டேன்.

மாடி, துணிகள், சிரிப்பு. அம்மாவின் கால்வலி. இந்த முறை இன்னும் கொஞ்சம் போனது. அக்கா லயத்தில் ஒவ்வொருவராக விசாரிக்கத் தொடங்கினாள். "பக்கத்து வீட்டு அத்த, உங்க கைப் பக்குவம் இங்க யாருக்கும் இல்ல..." அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "நிப்பாட்டு, நிப்பாட்டு. எங்க வீட்டு மனுசன் கேக்கல. கூட்டிட்டு வரேன்."

அத்தையின் புருஷன் வந்தார். முதலிலிருந்து. மேல் லயத்துச் சித்தி வந்தாள். முதலிலிருந்து. தோட்டத் தலைவர் வந்தார். அவருக்கு அத்தையே எழுந்து கல்லைத் துடைத்து இடம் கொடுத்தாள். அவருக்கும் முதலிலிருந்து. அக்கா ஒருவரையும் விடவில்லை. யாரை விசாரிக்காமல் விட்டாலும் அம்மாவுக்குத்தான் பேச்சு விழும் என்று அவளுக்குத் தெரியும். அத்தை, மாமா, சித்தி, சித்தப்பா, தலைவர், பிள்ளைக்காம்பரா ஆயம்மா என்று வயது வரிசையில் சொல்லிக்கொண்டே போனாள். தன் பெயர் வரும் இடத்தைத் தன் காதால் கேட்க ஒவ்வொருவருக்கும் ஆசை. பார்த்து முடித்தவர்கள் போய் அடுத்தவர்களை அனுப்பினார்கள்.

"மாமா, ஒவ்வொரு தடவ போடறப்பவும் புதுசா காசு வெட்டுவாங்க" என்றேன் தலைவரிடம்.

"ஏன்? ஒருக்கா எடுத்தது உள்ளுக்கதான இருக்கு?"

"உள்ளுக்க இல்லங்க மாமா. அங்க இருந்து வருது. பாக்கப் பாக்க வந்துட்டுப் போயிருது."

"போயிருதா? அப்ப கெசட்டுக் கணக்கு இல்ல?"

"தண்ணிக் கணக்கு" என்றார் மச்சான். "பைப்பத் தொறந்தா மீட்டர் ஓடும்." எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா, தலைவரின் மூட்டுவலியை விசாரித்துக்கொண்டிருந்தபோது அப்படியே வாய் திறந்தபடி நின்றுவிட்டாள். மிச்சக் காசு இல்லை. மச்சான் ஒரு பையனை அனுப்பாமல் தானே கடைச்சந்திக்கு இறங்கி, கையில் இருந்த காசுக்கு ஒரு சின்னக் கார்டு வாங்கி வந்தார். அதற்குள் மேட்டில் இன்னும் நாலு பேர் சேர்ந்திருந்தார்கள். கார்டைச் சுரண்டி நம்பரைப் போட்டேன். பாதியிலிருந்து தொடர அந்தப் போனில் வழியில்லை. மறுபடி மாடியும் துணிகளும்தான். ஆயம்மாவை விசாரிக்கும் இடத்தைத் தாண்டியதும் அதுவும் தீர்ந்தது.

திரையின் அடியில் ஒரு கோடு ஓடும். எவ்வளவு ஓடியது, எவ்வளவு மிச்சம் என்று அதில் தெரியும். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"அம்மா, இன்னும் நெறைய இருக்கு."

"மிச்சமும் விசாரிப்பாத்தான் இருக்கும். கீழ் லயத்துல எத்தன குடும்பம்" என்றாள் அம்மா. முகம் விரிந்து கிடந்தது. "புள்ள சதை போட்டிருக்கால்ல?"

"செவந்துட்டா" என்றாள் அத்தை. "ஏசிக் காத்துல்ல!"

அன்று முழுவதும் லயத்தில் அதே பேச்சு. அவள் சிரித்தது, சட்டையின் நிறம், தன்னை எப்படி விசாரித்தாள் என்பது. ஒவ்வொருவரும் சாட்சி சொன்னார்கள்: நல்லாத்தான் இருக்கா.

இரண்டு மூன்று நாள் கழித்து மச்சான் கூரைத் தகரம் விசாரிக்க ஹட்டனுக்குப் போனார். அக்காவை அனுப்பிய ஏஜென்சிக்காரர் அவரைக் கடைத்தெருவில் பிடித்து, அந்த வீட்டு மேடம் அக்காவை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ள விரும்புகிறார், வீட்டில் சம்மதமா என்று கேட்டாராம். மச்சான் யோசித்தாராம். "வீடியோவுல பாத்தோம். சந்தோசமாத்தான் இருக்கா. அவளுக்குச் சரின்னா எங்களுக்கும் சரி" என்று சொல்லிவிட்டு வந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்; மறுக்கவில்லை.

எனக்கு அந்த மிச்சக் கோடு உறுத்திக்கொண்டே இருந்தது. சந்தேகம் என்று சொல்லமாட்டேன். பாதியில் நின்ற எதுவும் எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். மறுநாள் முதலாளி ஹட்டனுக்குப் போய் ரீலோட் கார்டு எடுத்துவரச் சொன்னபோது, பஸ் நிலையத்துக்குப் பக்கத்து நெட் கடையில் ஏறினேன். கணினியில் அந்தக் கோட்டைச் சுட்டியால் பிடித்து வேண்டிய இடத்துக்கு இழுக்கலாம். ஆயம்மாவுக்குப் பின்னால் இழுத்துவிட்டேன்.

கீழ் லயத்துக் குடும்பங்கள் முடிந்தன. பிறகு அக்கா பக்கவாட்டில் யாரையோ பார்த்தாள். "யாரும் கேக்குறாங்களா? கீழ போயிட்டாங்களா?" என்றாள். வீடியோ எடுத்த பெண்ணின் குரல், "யாரும் இல்ல, நீ சொல்லு" என்றது. அக்காவின் சிரிப்பு போய்விட்டது.

"எல்லாரையும் விசாரிச்சுட்டேன். இப்ப என் கதைய ஒன்னு சொல்லணும். போன்ல பேசறப்ப இந்த வீட்டு டிரைவர் பக்கத்துல நிப்பாரு. அவருக்கு நம்ம பாஷை தெரியும். ஒன்னு விடாம மேடத்துக்கிட்ட சொல்லிருவாரு. அதனாலதான் நான் பேசறதில்ல. இங்க இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. என்னால முடியலம்மா. மூனு வீட்டு வேலைய ஒருத்தியா செய்யறேன். இவங்க வீடு, இவங்க அம்மா வீடு, தங்கச்சி வீடு. படுத்தா முதுகு படுக்கவிடமாட்டேங்குது. ஏஜென்சிக்காரரு உங்ககிட்டதான் கேப்பாரு. வேணாம்னு சொல்லிருங்க. அம்மாவுக்குச் சுகமில்லன்னு சொல்லிருங்க. ஏங்க, தகரம் இல்லாட்டியும் பரவால்லங்க. நான் வரேன்."

அதோடு முடிந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். பக்கத்தில் ஒரு பையன் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏஜென்சிக்கு ஓடினேன். ஒரு மேசை, சுவரில் விமானப் படம். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"தங்கச்சி, நீ யாரு சொல்றதுக்கு? வீட்டுக்காரரு வாயால சரின்னாரு. நான் அங்க மேடத்துக்கு நேத்தே சொல்லிட்டேன்."

"கையெழுத்து வாங்கிட்டாங்களா அண்ணே?"

"அது எனக்குத் தெரியாது. அவர நாளைக்குக் கூட்டிட்டு வா. அவர் முன்னாடி கோல் போடுறேன். அதுக்கு மேல என் கையில ஒன்னும் இல்ல."

தோட்டத்துக்கு வந்து சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. பொய் சொல்கிறேன் என்று நினைத்தார்கள் என்றில்லை; பார்த்ததை எப்படி இல்லையென்பது? அத்தைதான் முதலில் வாய் திறந்தாள். "நானும்தானடி பாத்தேன்? எல்லாப் பல்லும் தெரியச் சிரிச்சா."

"அது முன்னுக்கு அத்த. பின்னுக்கு அழாத குறை."

"காட்டு, பாப்போம்."

காட்ட முடியாது. இன்னொரு பெரிய கார்டுக்கு வீட்டில் காசில்லை; சின்னக் கார்டு அந்த இடத்துக்குப் போவதற்குள் தீர்ந்துவிடும். மச்சான் பாதிக் குசினியின் சுவரில் சாய்ந்து நின்றார்.

"நான் என்னா, பொண்டாட்டிய வித்துத் தகரம் போடறேன்னு சொல்ல வர்றியா?"

"அப்படிச் சொல்லல மச்சான். நாளைக்கு வாங்க. உங்க கண்ணால பாருங்க. அப்புறம் என்னைய ஏசுங்க."

அம்மா குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் மச்சானிடம், "போயிட்டு வாங்க தம்பி. ஒரு பேர் போனாப் போகட்டும்" என்றாள்.

காலை பஸ்ஸில் மச்சான் என்னைத் தாண்டிப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தார். நெட் கடையில் நான் கோட்டை இழுத்து வைத்தேன். ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு பார்த்தார். எனக்குச் சத்தம் கேட்கவில்லை. அக்காவின் உதடு மட்டும் அசைந்தது. தகரத்தைப் பற்றி அவள் சொல்லும் இடம் எனக்குத் தெரியும். அங்கே மச்சான் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் எழுந்து நடந்தார். ஏஜென்சி இருக்கும் பக்கம்தான்.

ஏஜென்சிக்காரர் கோல் போட்டார். யாரோ எடுத்தார்கள், அவர் தனக்குத் தெரிந்த அரபியில் ஏதோ பேசி, அக்காவைக் கூப்பிடச் சொன்னார். பிறகு ரிசீவரை மச்சானிடம் நீட்டி, நாங்கள் எல்லோரும் கேட்கும்படி ஒரு பொத்தானை அழுத்தினார்.

"நான்தான் பேசறேன்" என்றார் மச்சான். "நீ வந்துரு."

"டிரைவர் வெளிய போயிருக்காரு" என்றாள் அக்கா. குரல் தூரத்திலிருந்து வந்தது. "நேத்து ராத்திரி கையெழுத்து போட்டுட்டேங்க. நீங்க சரின்னு சொன்னதாச் சொன்னாங்க. அப்புறம் நான் என்னா சொல்ல?"

மச்சான் ஏஜென்சிக்காரரைப் பார்த்தார். கையெழுத்து விழுந்துவிட்டால் இனி ஒன்றும் முடியாது என்று அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"வீடியோ கெடைக்கலையா?" என்று கேட்டாள் அக்கா.

"கெடைச்சுச்சு."

"பாத்தீங்களா?"

"பாத்தோம். லயத்துல எல்லாரும் பாத்தோம்."

லைன் அறுந்துவிட்டதோ என்று நான் குனிந்தேன்.

"பாத்துட்டுத்தான் சரின்னீங்களா?"

"இல்ல, இல்ல, கேளு. அன்னைக்கிப் பாதிதான் ஓடுச்சு. காசு முடிஞ்சிருச்சு. ஆளு வர வர முதல்ல இருந்து போட்டு..."

"பாதியா? வீடியோ எப்படிங்க பாதி ஓடும்?"

மச்சான் ரிசீவரை என்னிடம் நீட்டினார். நான் சொல்லத் தொடங்கினேன். போனில் பார்த்தது, கிலோபைட்டுக்குக் காசு, மறுபடி போட்டால் மறுபடி காசு, தலைவர் வந்தது, அத்தை அழுதது. வேகமாகச் சொன்னேன், எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இருந்த இடத்தில், அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடும்போதும் படுக்கும்போதும் வீடியோ ஓடிக்கொண்டே இருக்கும் என்று பிறகுதான் அறிந்தேன். அவள் பார்த்தவரை வீடியோ என்றால் முழுதாக ஓடுவது. நான் சொன்னது ஒரு சாக்குப் போல அவளுக்குக் கேட்டிருக்கும்.

"சரிடி" என்றாள் அக்கா. என் பேச்சின் நடுவில். கோபமாக இல்லை. மாதக் கோலில் பேசும் அதே குரல். "நல்லா இருக்கேன்னு அம்மாட்ட சொல்லு."

ஏஜென்சிக்காரர் கோல் காசு வாங்கவில்லை. வெளியே வந்து நோர்வூட் பஸ்ஸுக்கு நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. மச்சானிடம் குடை இருந்தது, அவர் விரிக்கவில்லை.

"நீ சொன்னத நம்பியிருப்பாளா புள்ள?"

பஸ் வந்துவிட்டது. நான் முதலில் ஏறி, அவருக்கு ஓர் இடம் பிடித்தேன்.